சூரியன் இல்லாத கோளில் உயிர் வாழுமா? – மதராஸில் தொடங்கி காட்டுப்பள்ளி வரை ஒரு தேடலின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எந்த நட்சத்திரத்தையும் சுற்றாமல், விண்வெளி இருட்டில் தன்னந்தனியாக அலையும் கோள்கள் உண்டு. நாடோடிக் கோள்கள் என்கிறார்கள். அவற்றில் காலை இல்லை, மாலை இல்லை, வெயில் காலம் இல்லை. அப்படிப்பட்ட இடத்திலும் உயிர் வாழ வழி உண்டா என்று கால் நூற்றாண்டாக விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவுடன் நமக்கு வருவது ஒரே பதில்தான்: "அதெப்படி? சூரியன் இல்லாமல் உயிரா?"

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. பொங்கலன்று சூரியனுக்குப் படைப்பது வெறும் சடங்கு இல்லை, கணக்குப்படியும் சரிதான். மீஞ்சூர்ப் பக்கத்து நெல் சூரிய ஒளியில் வளர்ந்தது. எண்ணூர் கழிமுகத்து இறால் தின்னும் உணவைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் வெயிலில் வளர்ந்த பாசியிலோ செடியிலோ போய் நிற்கும். காற்று வீசுவதும் மழை பெய்வதும் சூரியனால். எங்கள் ஊர் அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி கூட 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் காடுகள் பிடித்து வைத்த வெயில்தான். 1500 மெகாவாட் நிலையம் என்கிறோம். அது பழைய வெயிலின் கிடங்கு.

ஆனால் சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள அணுமின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீரைக் கொதிக்க வைக்கும் யுரேனியத்துக்கும் நம் சூரியனுக்கும் சம்பந்தமில்லை. சூரியன் பிறப்பதற்கு முன்பே, வேறு நட்சத்திரங்களின் அழிவில் உருவான பொருள் அது. ஆக, நம் பக்கத்திலேயே சூரியன் தராத வெப்பம் ஒன்று இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. பலருக்கு இது தெரியாது.

1792ல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டியது. மைக்கேல் டாப்பிங் என்பவர் அமைத்தது. அதற்கு முன்பே வில்லியம் பெட்ரி என்ற அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வைத்திருந்த கருவிகள்தான் அதற்கு ஆரம்பம். கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. கப்பல்களுக்கும் நில அளவைக்கும் நேரமும் இடமும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கம்பெனி செய்த ஏற்பாடு. வணிகக் கணக்குதான். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு வானத்தின் மீது ஆசை வந்தது வேறு விஷயம்.

1848 கடைசியில் அதன் பொறுப்பாளராக வந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், பம்பாய்ப் படையின் பொறியாளர். இரட்டை நட்சத்திரங்களை அளப்பதில் அவருக்கு ஈடுபாடு. 70 ஒஃபியூக்கி என்று ஓர் இரட்டை நட்சத்திரம் இருக்கிறது. பூமியிலிருந்து ஏறக்குறைய 17 ஒளியாண்டு தூரம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டுகள் ஆகின்றன. இவற்றின் பாதை கணக்குப்படி இல்லாமல் சற்றே பிசகுவதை ஜேக்கப் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இழுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று 1855ல் எழுதினார். லண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் அது வெளியானது.

வேறொரு நட்சத்திரத்துக்கும் கோள் இருக்கிறது என்று அளவுகளை வைத்துச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று மதராஸிலிருந்து எழுந்திருக்கிறது! 1890களில் அமெரிக்காவில் சீ என்பவர் அதே நட்சத்திரத்தைப் பற்றி இன்னும் அடித்துச் சொன்னார். 1899ல் மோல்டன் என்ற இளைஞர், அப்படி ஒரு பொருள் அங்கே நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இன்றுவரை அங்கே கோள் எதுவும் உறுதியாகவில்லை. ஜேக்கப் பார்த்த பிசகு அந்தக் காலத்து அளவீட்டின் எல்லைக்குள்ளேயே வந்த பிசகு என்று கொள்ளலாம். அவரை நான் குறைவாக மதிக்கமாட்டேன். கையிலிருந்த சிறு தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, மதராஸின் புழுக்கத்தில், கண் வலிக்க அளந்து, "வாய்ப்பு அதிகம்" என்ற அளவோடு நிறுத்திக்கொண்ட மனிதர் அவர். (அதே கூடத்தில் பிறகு நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.)

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜேக்கப் முதல் அடுத்த 140 ஆண்டுகள், கோளைத் தேடியவர்கள் எல்லோரும் நட்சத்திரத்தின் பக்கத்திலேயே தேடினார்கள். கோள் என்றால் சுற்றுவது, சுற்றுவதற்கு நடுவில் ஒன்று வேண்டும். 1992ல் முதன்முதலாக உறுதியான கோள்கள் செத்துப்போன ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கிடைத்தன. 1995ல் நம் சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றுக்குக் கோள் கிடைத்தது. அதற்கு 2019ல் நோபல் பரிசும் வந்தது. நட்சத்திரமே இல்லாத கோளைப் பார்த்தது 2000ஆம் ஆண்டு வாக்கில்தான். ஓரியன் பகுதியில், பிறந்த சூடு இன்னும் ஆறாத இளம் பொருட்கள் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் மங்கலாகத் தெரிந்தன.

சூடு ஆறிப்போன கிழட்டுக் கோள்களை எப்படிப் பார்ப்பது? அவை ஒளி தருவதில்லை. இதற்கு ஐன்ஸ்டைன் வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு கோள் தூரத்து நட்சத்திரத்துக்கு நேர் முன்னே கடந்து போனால், கோளின் ஈர்ப்பு அந்த ஒளியை வளைத்துக் குவிக்கும், பூதக்கண்ணாடி மாதிரி. நட்சத்திரம் சிறிது நேரம் கூடுதலாகப் பிரகாசித்துவிட்டுப் பழையபடி ஆகிவிடும். எது கடந்து போனது என்பது கண்ணுக்குத் தெரியாது. கனமான பொருள் என்றால் பிரகாசம் நெடுநேரம் இருக்கும், இலேசானது என்றால் சிறிது நேரம்தான்.

நியூசிலாந்தின் மவுண்ட் ஜான் மலையிலிருந்து ஜப்பான்-நியூசிலாந்துக் குழு 5 கோடி நட்சத்திரங்களைக் கவனித்து, இரண்டு நாளுக்கும் குறைவாக நீடித்த பத்து நிகழ்ச்சிகளை 2011ல் அறிவித்தது. அதை வைத்து, வியாழன் அளவுள்ள நாடோடிகள் நட்சத்திரங்களைவிட இரண்டு மடங்கு இருக்கலாம் என்றார்கள். பத்திரிகைகளில் பெரிய செய்தி. 2017ல் சிலியிலிருந்து பார்க்கும் போலந்துக் குழு இன்னும் அதிகமான தரவுகளோடு வந்து, அத்தனை கிடையாது, நான்கு நட்சத்திரத்துக்கு ஒன்று இருந்தாலே அதிகம் என்றது. அதே குழு 2020ல் வேறொன்றை வெளியிட்டது: 2016ல் பதிவான, வெறும் 41.5 நிமிட அளவுகோல் கொண்ட ஒரு நிகழ்ச்சி. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடைப்பட்ட எடையுள்ள ஒரு கோள் என்று மதிப்பிட்டார்கள். 2023ல் ஜப்பான் குழுவின் புதிய கணக்கு: பெரியவை குறைவு, பூமி போன்ற சிறியவை மிக அதிகம், ஒரு நட்சத்திரத்துக்கு இருபது வரை இருக்கலாம். இந்த இருபது பின்னால் பத்தாகலாம், நாற்பதாகலாம். ஆனால் நாடோடிகள் அபூர்வமானவை அல்ல என்பது உறுதியாகிவிட்டது.

இவை எப்படி நாடோடி ஆயின? பெரும்பாலும் துரத்தப்பட்டவைதான். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிப் பல கோள்கள் உருவாகும்போது, வியாழன் போன்ற ஒரு பெரியண்ணன் பக்கத்தில் வந்தால் சின்னது தூக்கி எறியப்படும். சொத்துத் தகராறு மாதிரிதான்.

சரி, எறியப்பட்டால் என்ன ஆகும்? நம் பூமியையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். பூமியின் உள்ளிருந்து வெளியே கசியும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.09 வாட். ஒரு கிரவுண்டு மனைக்கு 20 வாட், ஒரு எல்.இ.டி. டியூப்லைட், அவ்வளவுதான். அதே மனை அளவுக்குச் சூரியனிடமிருந்து பூமி உள்வாங்குவது சராசரியாக 50,000 வாட்டுக்கும் மேல். அந்த 50,000 நின்றுபோய், டியூப்லைட் மட்டும் மிஞ்சினால் தரையின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 240 டிகிரிக்குப் போய்விடும். காற்றே உறைந்து தரையில் பனியாகக் கொட்டிவிடும்.

ஆனால் அந்த டியூப்லைட் அணையாது. அதுதான் விஷயம். அதில் ஏறக்குறைய பாதி வெப்பம் பூமிக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருவது. கல்பாக்கத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே யுரேனியம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் அதே தோரியம். யுரேனியம் பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள், தோரியத்துக்கு 1400 கோடி ஆண்டுகள். கோலார் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் இறங்கி வேலை செய்த நம் தமிழ்த் தொழிலாளர்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள், கீழே போகப் போகப் பாறை எப்படிச் சுடும் என்று. அங்கே சூரியன் இல்லை. வெப்பம் இருந்தது.

இந்தச் சொற்ப வெப்பத்தைச் சேமிக்க முடியுமா? இரண்டு விடைகள் வந்தன. 1999ல் கலிபோர்னியாவில் பணியாற்றிய டேவிட் ஸ்டீவன்சன், நேச்சர் இதழில் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். துரத்தப்பட்ட கோள் தன் பிறப்பில் கிடைத்த ஹைட்ரஜன் வாயுவைப் போர்த்திக்கொண்டே போயிருந்தால்? ஹைட்ரஜன் அந்தக் குளிரிலும் உறையாது. அடர்த்தியாக இருந்தால் வெப்பத்தையும் எளிதில் வெளியே விடாது. பூமியின் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு அழுத்தமுள்ள போர்வை என்றால், தரையில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கலாம். ஆயிரம் மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம், மரியானா அகழியின் அடியில் அந்த அழுத்தத்தில்தான் உயிரினங்கள் இருக்கின்றன.

2011ல் ஆபட், ஸ்விட்சர் என்ற இருவர் இரண்டாவது விடை சொன்னார்கள். போர்வை வாயுவாக இருக்க வேண்டியதில்லை, பனிக்கட்டியே போதும். மேலே பல கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி, அதற்கடியில் கடல். நம் கடலின் சராசரி ஆழம் 4 கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால், பூமி அளவுள்ள கோளில் கடல் பெரும்பாலும் அடிவரை உறைந்துவிடும். பூமியைப் போல மூன்றரை மடங்கு எடை இருந்தால் அடியில் கடல் தாங்கும். தண்ணீர் பத்து மடங்கு கூடுதலாக இருந்தால், பூமியில் மூன்றில் ஒரு பங்கு எடையே போதும்.

இதுவரை தண்ணீர், வெப்பம். உயிருக்குச் சாப்பாடு? நான் ஐந்தாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தபோது கடலோரக் குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், சூரியன் அணைஞ்சு போச்சுன்னா, ஆழத்துல இருக்கிற மீனுக்கு அது எப்போ தெரியும்?" என்று கேட்டான். கடலோடிக் குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் அப்படித் தோன்றும். 1977க்கு முன்னால் பெரிய பேராசிரியர்களே, "மேலேயிருந்து உணவு விழுவது நின்றதும் தெரியும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1977 பிப்ரவரியில் ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கி, கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே 2500 மீட்டர் ஆழத்தில் இறங்கியது. போனவர்கள் பாறையை ஆராய்பவர்கள். வெந்நீர் ஊற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். ஊற்று இருந்தது. அதைச் சுற்றிச் சிப்பிகள், நண்டுகள், ஆளுயரக் குழாய்ப் புழுக்கள் என்று ஒரு தோட்டமே இருந்தது. பயணத்தில் ஓர் உயிரியல் ஆய்வாளர் கூட இல்லை. பிடித்த உயிர்களைப் பதப்படுத்த ரசாயனம் போதாமல், வாங்கி வைத்திருந்த வோட்காவில் போட்டுக் கொண்டுவந்தார்கள்! குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை வைத்து உணவு தயாரிக்கின்றன என்று கண்டுபிடித்தவர் கொலீன் கவனா என்ற ஆராய்ச்சி மாணவி. வேதிச்சேர்க்கை என்கிறோம்.

"ஆக, சூரியன் வேண்டாம்" என்று பலர் இத்துடன் முடித்துவிடுகிறார்கள். அவசரம். அந்தக் குழாய்ப் புழுவுக்கு ஆக்சிஜன் வேண்டும். கடல் நீரில் கரைந்துள்ள அந்த ஆக்சிஜன் மேலே ஒளிச்சேர்க்கை செய்து கிடைத்தது. சூரியன் அணைந்தால் அந்தத் தோட்டமும் ஒருநாள் மூச்சு முட்டிச் சாகும். பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில்: "தெரியும், ஆனால் ரொம்பத் தாமதமாக."

உண்மையில் சூரியனை எதிர்பாராத உயிரைப் பார்க்க வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் எம்போனெங் தங்கச் சுரங்கம். அங்கே 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை இடுக்குத் தண்ணீரில், ஆக்சிஜன் இல்லாமல், சுமார் 60 டிகிரி வெப்பத்தில் ஒரே ஒரு வகை பாக்டீரியா தனிக்குடித்தனம் நடத்துவதாக 2008ல் அறிவித்தார்கள். பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. அதில் வரும் ஹைட்ரஜன்தான் அதன் சோறு. ஜூல்ஸ் வெர்ன் நாவலில் பூமிக்குள் இறங்கும் பயணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லை எடுத்து, துணிச்சலான பயணி என்று பொருள்பட அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பாறைத் துண்டை அப்படியே ஒரு நாடோடிக் கோளுக்குள் வைத்தாலும் அந்த பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் விடவில்லை. அந்த பாக்டீரியாவின் முன்னோர் அங்கே பிறந்ததாகத் தெரியவில்லை. மேலேயிருந்து இறங்கிக் குடியேறியவர்கள். இருட்டில் உயிர் *தொடர* முடியும் என்பது ஒன்று. இருட்டில் உயிர் *தொடங்க* முடியும் என்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதைத்தான் பல காணொளிகளில் பார்க்கிறேன்.

தொடக்கம் பற்றி ஆராய்ந்தவர்களில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் உண்டு. இலங்கை காலியில் 1923ல் பிறந்த சிரில் பொன்னம்பெரும. 1948ல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றவர்! பிறகு லண்டனில் வேதியியல் படித்து, அமெரிக்காவின் நாசாவுக்குப் போய், உயிர் தோன்றுமுன் என்ன வேதியியல் நடந்திருக்கும் என்று ஆராய்ந்தார். 1969ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை, அவை பூமியிலிருந்து ஒட்டியவை அல்ல என்பதை, அவருடைய குழு 1970ல் காட்டியது. அதாவது மளிகைச் சாமான் விண்வெளியிலேயே கிடைக்கிறது. சமையல் எங்கே நடந்தது என்பதுதான் தெரியவில்லை. வெயில்பட்ட குட்டையிலா, கடலடி ஊற்றிலா என்று இன்னும் இரண்டு கட்சி. குட்டைக் கட்சி வென்றால் நாடோடிக் கோளில் உயிர் தானாகத் தோன்றுவது கடினம். ஊற்றுக் கட்சி வென்றால் வாய்ப்பு உண்டு.

குட்டைக் கட்சி வென்றாலும் ஒரு வழி பாக்கி இருக்கிறது. துரத்தப்பட்ட கோள் பிறந்த வீட்டில் சில காலம் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வெயிலில் உயிர் தொடங்கி, கடலடிக்கும் பாறைக்குள்ளும் இறங்கிய பிறகு வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தால், மேலே எல்லாம் உறைந்த பின்னும் அடியில் உயிர் தொடரலாம். என் கணிப்பில் இதுதான் அதிக நம்பிக்கை தரும் வழி. அப்போதும் மரமோ யானையோ எதிர்பார்க்கக் கூடாது. டியூப்லைட் வெப்பத்தில் எத்தனை பேருக்குச் சமைக்க முடியும்? நுண்ணுயிர்கள், அதுவும் மிக மெதுவாக வளர்பவை.

இதையெல்லாம் போய்ச் சரிபார்க்க முடியுமா என்றால், முடியாது. 41.5 நிமிடக் கோள் ஒருமுறை கடந்தது, அவ்வளவுதான். அந்த நட்சத்திரம் அதே கோளால் மறுபடி பிரகாசிக்கப் போவதில்லை. எனவே சோதனை நடக்கக்கூடிய இடங்கள் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒன்று சனியின் துணைக்கோள் என்செலடஸ். பனிக்கடியில் கடல், சனியின் ஈர்ப்பு பிசைந்து பிசைந்து உண்டாக்கும் வெப்பம், பீறிடும் நீரில் ஹைட்ரஜன் இருப்பதாக 2017ல் காசினி விண்கலத் தரவு.

இன்னொன்று நம் இந்தியப் பெருங்கடல். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ, கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, 4500 மீட்டர் ஆழத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றைத் தானியங்கி நீர்மூழ்கிக் கலத்தால் படம் எடுத்ததாக 2024 டிசம்பரில் அறிவித்தன. அடுத்ததாக மனிதர்களே போவதற்கு மத்ஸ்யா 6000 தயாராகிறது. 2.1 மீட்டர் விட்டமுள்ள கோளத்துக்குள் மூன்று பேர், 6000 மீட்டர் ஆழம் வரை. அதைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்த சோதனை 2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை நடந்தது. எங்கே தெரியுமா? எங்கள் வள்ளூருக்குக் கிழக்கே, கழிக்கு அந்தப் பக்கம், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில்.

கனிமக் கட்டி என்று அதற்கு வேறு வேலைகளும் வைத்திருக்கிறார்கள். என் ஆசை, அந்த ஊற்றுகளின் ஓரத்தில், ஆக்சிஜன் சிறிதும் எட்டாத பாறைக்குள்ளிருந்து ஒரு சீசாத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். வெறும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் அதில் எத்தனை, எவ்வளவு வேகத்தில் வளர்கின்றன என்று எண்ணிச் சொன்னால், ஆபட்டும் ஸ்விட்சரும் போட்ட கணக்கில் இன்னொரு வரியைச் சேர்க்கலாம்.